கிரையோ பையும் ஜூடித் பூலின் ஆய்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரத்த வங்கியில் கூறுகளைப் பிரிக்கும் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். கிரையோ பை வாங்க வரும் பெற்றோர், பயிற்சிக்கு வரும் ஆய்வக மாணவர்கள், இரத்தம் கொடுக்க வருகிறவர்கள் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் வெவ்வேறு சொற்களில் கேட்டார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே எழுதிப் பதில் சேர்த்திருக்கிறேன். கேள்விகளில் பாதி ஒரு பையைப் பற்றியவை. மீதி, அந்தப் பையை நமக்குக் கிடைக்கச் செய்த ஜூடித் கிரஹாம் பூல் என்ற அமெரிக்க ஆய்வாளரைப் பற்றியவை. நான் 'காரணி' என்று எழுதுவது, இரத்தம் உறைய உதவும் புரதங்களுள் மருத்துவமனையில் 'ஃபாக்டர்' என்று சொல்லப்படுவதையே. யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை நோயாளியைப் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இங்கே உள்ள கணக்குகள் விளங்கிக்கொள்வதற்கு மட்டுமே.

கிரையோ, கிரையோ என்கிறீர்களே, அது இரத்தமா, பிளாஸ்மாவா, மருந்தா?

அதன் முழுப்பெயர் கிரையோபிரெசிபிடேட். குளிரில் படிந்த வீழ்படிவு என்பது அதன் பொருள். ஒருவர் கொடுத்த இரத்தத்திலிருந்து சிவப்பணுக்களைப் பிரித்தால் மஞ்சள் நிறத் திரவமாக எஞ்சுவது பிளாஸ்மா. அந்தப் பிளாஸ்மாவைக் கடுங்குளிரில் உறைய வைத்து, பிறகு சுமார் 4 டிகிரி செல்சியஸில் மெதுவாக உருக விட்டால், எல்லாம் திரும்பக் கரைந்துவிடுவதில்லை; வெண்மையான, சற்றுப் பிசுபிசுப்பான ஒரு பொருள் கரையாமல் தங்கும். அதைச் சுழற்றி அடியில் படியச் செய்து, மேலே நிற்கும் பிளாஸ்மாவை வேறு பைக்கு மாற்றிவிட்டால், 10 முதல் 20 மில்லிலிட்டர் வரை மட்டுமே எஞ்சும். அதுதான் கிரையோ.

அந்தச் சிறிய அளவுக்குள் இரத்தம் உறைவதற்கு வேண்டிய சில புரதங்கள் செறிந்திருக்கின்றன: 8ஆம் காரணி, வான் வில்லிபிராண்ட் காரணி, ஃபைப்ரினோஜன், 13ஆம் காரணி, ஃபைப்ரோனெக்டின். ஆகவே அது தொழிற்சாலையில் செய்த மருந்து அன்று. ஒரே கொடையாளரின் பிளாஸ்மாவிலிருந்து இரத்த வங்கியிலேயே பிரித்தெடுத்த ஒரு கூறு.

ஹீமோபிலியா இருந்தால் சின்னக் கீறலிலேயே இரத்தம் முழுவதும் வெளியேறிவிடுமா?

அப்படி இல்லை. ஹீமோபிலியா என்பது இரத்தம் சரிவர உறையாத மரபணு நோய். ஆனால் சிறிய கீறலைத் தட்டணுக்களே (பிளேட்லெட்) அடைத்துவிடும். ஹீமோபிலியாவில் தட்டணுக்களுக்குக் குறை எதுவும் கிடையாது. தட்டணுக்கள் போட்ட முதல் அடைப்பை ஃபைப்ரின் இழைகளால் கட்டி உறுதியாக்கும் அடுத்த கட்டம்தான் இந்நோயில் தடைபடுகிறது. அதனால் இரத்தம் வேகமாகக் கொட்டுவதில்லை, நெடுநேரம் நிற்காமல் கசிகிறது. பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடங்களில், அதாவது முழங்கால், முழங்கை, கணுக்கால் மூட்டுகளுக்குள்ளும் தசைகளுக்குள்ளும் கசிகிறது. திரும்பத் திரும்ப இரத்தம் இறங்கிய மூட்டு நாளடைவில் இறுகி மடங்காமல் போய்விடும். தலைக்குள் கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

8ஆம் காரணி குறைந்தால் ஹீமோபிலியா ஏ, 9ஆம் காரணி குறைந்தால் ஹீமோபிலியா பி. ஏ வகை ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. பி வகை அதைவிட மிக அரிது. இரண்டுக்கும் உரிய மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் நோய் பெரும்பாலும் ஆண்களிடம் வெளிப்படுகிறது. தாய் அதைச் சுமப்பவராக இருக்கலாம். ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குடும்பங்களில் முன்னர் யாருக்குமே இந்நோய் இருந்திருக்காது. மரபணுவில் புதிதாக நேர்ந்த மாற்றமே காரணமாக இருக்கும். "எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லையே, உன் பக்கத்திலிருந்துதான் வந்தது" என்று மருமகளைக் குற்றம் சொல்லிக்கொண்டே வந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பேச்சுக்கு எந்த நியாயமும் கிடையாது.

கிரையோ வருவதற்கு முன் இந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்தார்கள்?

1840இல் லண்டனில் சாமுவேல் லேன் என்ற அறுவை மருத்துவர், மாறுகண் அறுவைக்குப் பின் இரத்தம் நிற்காத ஒரு சிறுவனுக்கு இன்னொருவரின் இரத்தத்தை நேராகச் செலுத்திக் காப்பாற்றினார். இரத்த வகைகள் என்பதே அறியப்படாத காலம் அது. 1930களில் பாஸ்டனில் பேட்டக், டெய்லர் ஆகிய இருவரும், பிளாஸ்மாவில் உள்ள ஒரு குளோபுலின் புரதமே ஹீமோபிலியா இரத்தத்தை உறையச் செய்கிறது என்று காட்டினார்கள். ஆகவே பிளாஸ்மாவைக் கொடுத்தால் பலன் உண்டு என்பது பூலுக்கு முன்பே தெரிந்ததுதான்.

சிக்கல் அளவில் இருந்தது. ஒரு மில்லிலிட்டர் நல்ல பிளாஸ்மாவில் ஏறத்தாழ ஓர் அலகு 8ஆம் காரணிதான் உண்டு. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு மூட்டில் இறங்கும் இரத்தத்தை நிறுத்த, காரணியின் அளவை 40 விழுக்காடு உயர்த்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு ஓர் அலகு கொடுத்தால் 2 விழுக்காடு உயரும் என்பது நடைமுறைக் கணக்கு. அப்படியானால் 1,200 அலகுகள் வேண்டும்; அதாவது 1.2 லிட்டர் பிளாஸ்மா. இது ஒரு வேளைக்கு மட்டும். உடலில் புகுந்த 8ஆம் காரணி ஏறத்தாழ 12 மணி நேரத்தில் பாதியாகிவிடும் என்பதால் திரும்பவும் கொடுக்க வேண்டும். அவ்வளவு திரவத்தை இதயம் தாங்காது, சிறுவர்களின் இதயம் நிச்சயமாகத் தாங்காது. மாடு, பன்றி ஆகியவற்றின் இரத்தத்திலிருந்து எடுத்த செறிவான காரணியை ஆக்ஸ்ஃபோர்டில் பயன்படுத்திப் பார்த்தார்கள். அது வலிமையானதுதான், ஆனால் வேற்று உயிரின் புரதம் என்பதால் உடல் விரைவில் அதை எதிர்க்கத் தொடங்கிவிடும். எனவே பல பிள்ளைகளுக்குக் கிடைத்த சிகிச்சை வாரக்கணக்கில் படுக்கையும் பனிக்கட்டி ஒத்தடமும்தான்.

ஜூடித் பூல் என்பவர் யார்? இரத்தநோய் மருத்துவரா?

அவர் மருத்துவரே அல்லர், உடலியங்கியல் ஆய்வாளர். 1919இல் நியூயார்க்கில் பிறந்தவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஜெரார்டின் வழிகாட்டுதலில் தவளைத் தசையின் ஒற்றை நாருக்குள் மிக நுண்ணிய மின்முனையைச் செருகி மின்னழுத்தத்தை அளக்கும் வேலையைச் செய்து, 1946இல் முனைவர் பட்டம் பெற்றார். அந்த நுண் மின்முனை நரம்பியல் ஆய்வில் பின்னர் பெரும் பயன் தந்த கருவி. ஓர் இளம் ஆய்வாளருக்கு அதுவே பெரிய பெயர் வாங்கித் தந்திருக்கலாம். ஆனால் 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்த ஆய்வுப் பணி இரத்த உறைவைப் பற்றியதாக இருந்தது. துறை மாறினாலும், மிகச் சிறிய ஒன்றைத் துல்லியமாக அளக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை அவர் தவளைத் தசையிலிருந்து பிளாஸ்மாவுக்கு எடுத்து வந்தார் என்றே நான் நினைக்கிறேன்.

ஃப்ரீசரில் மறந்து வைத்துவிட்டுத் தற்செயலாகக் கண்டுபிடித்தார் என்று சொன்னார்களே?

மாணவர்கள் விரும்பிச் சொல்லும் கதை இது. ஆனால் நடந்ததற்கு நியாயம் செய்யாத கதை. உறைந்த பிளாஸ்மாவைக் குளிர்ந்த நிலையில் உருக்கினால் அடியில் ஏதோ தங்குகிறது என்பதை இரத்த வங்கியில் வேலை செய்த யாரும் கண்ணால் பார்த்திருக்க முடியும். அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும். பூல் அந்த அளவுகோலோடு பல ஆண்டுகள் பழகியிருந்தார். சேமித்து வைத்த பிளாஸ்மாவில் 8ஆம் காரணி எவ்வளவு மிஞ்சுகிறது, நோயாளியின் உடலில் ஏறிய பின் எவ்வளவு காணப்படுகிறது என்பதை எண்களில் அளந்து ராபின்சன் என்பவரோடு சேர்ந்து 1959இலேயே கட்டுரை எழுதியிருக்கிறார்.

இப்படி ஒவ்வொரு படியிலும் அளந்துகொண்டே வந்தவருக்குத்தான், மேலே தெளிந்து நிற்கும் திரவத்தில் காரணி குறைந்திருப்பதும் அடியில் கரையாமல் கிடக்கும் கசடில் அது குவிந்திருப்பதும் தெரிந்தது. ஹெர்ஷ்கோல்டு, பாப்பன்ஹேகன் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை 1964இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. அதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குளிரில் 8ஆம் காரணி மட்டும் ஏன் கரையாமல் தங்குகிறது? மற்றவை ஏன் தங்குவதில்லை?

8ஆம் காரணி இரத்தத்தில் தனியாக உலவுவதில்லை. வான் வில்லிபிராண்ட் காரணி என்ற மிகப் பெரிய புரதம் அதைச் சுமந்து செல்கிறது. இப்பெரும் புரதமும் ஃபைப்ரினோஜனும் ஃபைப்ரோனெக்டினும் குளிர்ந்த பிளாஸ்மாவில் எளிதில் கரைவதில்லை. அவை ஒன்றாக வீழ்படிவாகும்போது, தேரோடு சேர்ந்து தேரில் அமர்ந்திருப்பவரும் நின்றுவிடுவதுபோல 8ஆம் காரணியும் அங்கேயே தங்கிவிடுகிறது. 9ஆம் காரணி, ஆல்புமின் போன்றவை குளிரிலும் நன்றாகக் கரையக்கூடியவை. ஆதலால் அவை மேலே உள்ள பிளாஸ்மாவோடு போய்விடுகின்றன.

சுமப்பதும் சுமக்கப்படுவதும் இரு வேறு புரதங்கள் என்பது 1970களில்தான் தெளிவாகத் தெரிய வந்தது. பூல் தன் முறையை வகுத்தபோது இந்த விளக்கம் அவர் கையில் இல்லை. இருந்தவை அளவீடுகள் மட்டுமே. இந்தக் கேள்விக்குரிய விடை பின்னால் வரும் பல கேள்விகளுக்கும் தேவைப்படும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1964இல் கண்டுபிடித்துவிட்டார் என்றால், 1965ஆம் ஆண்டுக் கட்டுரையை ஏன் அவ்வளவு பெரிதாகச் சொல்கிறார்கள்?

என் பார்வையில் அவருடைய தனிப்பெரும் பணி அந்த இரண்டாவது கட்டுரைதான். கசடில் காரணி இருக்கிறது என்று காட்டுவது ஓர் ஆய்வக உண்மை. அதை எந்த ஊர் இரத்த வங்கியும் நோயாளிக்குக் கொடுக்கத்தக்க பொருளாக மாற்ற வேண்டுமானால், திறந்த பாத்திரத்தில் ஊற்றி எடுக்க முடியாது. காற்றுப் பட்டால் கிருமி புகும். கண்ணாடிப் புட்டிகளில் இரத்தம் எடுத்துக்கொண்டிருந்த நிலை மாறி, 1950இல் கார்ல் வால்ட்டர் வகுத்த பிளாஸ்டிக் பை மெல்லப் புழக்கத்துக்கு வந்திருந்த காலம் அது. ஒரு பையோடு இன்னொரு பையைக் குழாயால் முன்கூட்டியே இணைத்து வைத்தால், திறக்காமலேயே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திரவத்தை மாற்றலாம். பூலும் அவரோடு பணியாற்றிய ஷானனும் இந்த மூடிய பைகளுக்குள்ளேயே முழுச் செயலையும் நடத்திக் காட்டி, 1965இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியிட்டார்கள்.

அந்த முறைக்கு வேண்டியவற்றை எண்ணிப் பாருங்கள்: இணைக்கப்பட்ட பைகள், உறைய வைக்கும் பெட்டி, 4 டிகிரி குளிர்பதனப் பெட்டி, குளிரூட்டிய சுழற்சி இயந்திரம். வேதிப்பொருள் எதுவும் சேர்ப்பதில்லை, தொழிற்சாலை தேவையில்லை, ஆயிரம் பேரின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலக்கத் தேவையில்லை. சிவப்பணுக்கள் இரத்தசோகை உள்ளவருக்கும், கிரையோ ஹீமோபிலியா உள்ளவருக்கும், மீதிப் பிளாஸ்மா வேறொருவருக்கும் போய்ச் சேரும். ஒரு கொடையைப் பலருக்குப் பகிர்வது என்று இன்று முகாம்களில் நாம் பேசுவதற்கு உயிர் கொடுத்த முறைகளில் இதுவும் ஒன்று. அடுத்த சில ஆண்டுகளில் பல நாடுகளின் இரத்த வங்கிகள் இதைச் செய்யத் தொடங்கின. ஹீமோபிலியா உள்ளவருக்குத் திட்டமிட்ட அறுவைச் சிகிச்சை செய்வது என்ற எண்ணமே அப்போதுதான் பரவலாக இடம்பெற்றது. வீட்டு ஃப்ரீசரில் பைகளை வைத்துக்கொண்டு வீட்டிலேயே ஏற்றிக்கொண்டவர்களும் உண்டு.

இவ்வளவு செய்தவருக்கு நோபல் பரிசு கிடைத்ததா?

கிடைக்கவில்லை. ஸ்டான்ஃபோர்டில் நீண்ட காலம் பேராசிரியர் அல்லாத ஆய்வுப் பதவிகளிலேயே இருந்து, 1972இல்தான் முழுப் பேராசிரியர் ஆனார். அறிவியலில் பெண்களுக்கு உரிய இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காக அமைப்பு வழியாகவும் உழைத்தார். 1975இல் மூளைக் கட்டியால் தம் 56ஆம் வயதில் காலமானார். அமெரிக்காவின் தேசிய ஹீமோபிலியா அமைப்பு இளம் ஆய்வாளர்களுக்கு அவர் பெயரில் உதவித்தொகை வழங்கிவந்தது.

ஒரே வேளைக்கு 15 பை கேட்கிறார்கள். தெரியாமல் கேட்கிறார்களா?

தெரிந்துதான் கேட்கிறார்கள். முன்பு சொன்ன 60 கிலோ எடையுள்ளவருக்கே கணக்குப் போடுவோம். ஒரு கிரையோ பையில் 8ஆம் காரணி ஏறத்தாழ 80 அலகு இருக்க வேண்டும் என்பது தரக்கணக்கு. 1,200 அலகுகளுக்கு 15 பைகள். பைக்கு 15 மில்லிலிட்டர் என்றால் மொத்தம் 225 மில்லிலிட்டர். பிளாஸ்மாவாகக் கொடுத்தால் 1.2 லிட்டர் ஏற்ற வேண்டிய இடத்தில் இது கால் லிட்டருக்கும் குறைவு. பூலின் வேலையால் விளைந்த நன்மையை இந்த ஒரு கழித்தல் கணக்கே காட்டிவிடும்.

ஆனால் 15 பை என்பது 15 கொடையாளர்கள் என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். அதைப் பற்றி எச்.ஐ.வி. குறித்த கேள்வியில் சொல்கிறேன்.

இரத்த வகை பொருந்த வேண்டுமா? உருக்கிய பையை ஊசி போடத் தாமதமானால் ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

ஏ, பி, ஓ வகை பொருந்துவது நல்லது. சிறு குழந்தைகளுக்கும் நிறையப் பைகள் ஏற்றும்போதும் அதில் கூடுதல் கவனம் வேண்டும். பாசிட்டிவ், நெகட்டிவ் பார்க்கத் தேவையில்லை. கிரையோவில் சிவப்பணுக்கள் இல்லை. குறுக்குப் பொருத்தச் சோதனையும் வேண்டியதில்லை.

உருக்கிய கிரையோவை ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது. காரணம் 8ஆம் காரணி குளிரில் தங்குவதைப் பற்றிய விடையில் இருக்கிறது: குளிர்ந்தால் அது திரும்பவும் படியும். 37 டிகிரி நீரில் உருக்கியபின் அறை வெப்பத்தில் வைத்து, 4 முதல் 6 மணி நேரத்துக்குள் வடிகட்டியுள்ள குழாய் வழியே ஏற்றிவிட வேண்டும். சீக்கிரம் உருகட்டும் என்று கொதிநீரில் போட்டால் புரதம் கெட்டுவிடும். வார்டிலிருந்து தயாராக இருப்பதாகச் சொன்ன பிறகே இரத்த வங்கியில் பையை உருக்குவது இதனால்தான். எங்களைத் தாமதம் செய்வதாக நினைத்துக் கோபப்படுகிறவர்களுக்கு இதை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன்.

என் மகனுக்கு 9ஆம் காரணி குறைவு. அவசரத்துக்குக் கிரையோ போட்டுக்கொள்ளலாமா?

போட்டுப் பயனில்லை. 9ஆம் காரணி மேலே நிற்கும் பிளாஸ்மாவோடு போய்விடுகிறது என்று பார்த்தோம். ஹீமோபிலியா பி உள்ளவருக்கு உரிய மருந்து 9ஆம் காரணிச் செறிவு. அது கிடைக்காத நெருக்கடியில் மருத்துவர்கள் உறைந்த பிளாஸ்மாவைக் கொடுப்பார்கள். 1952ஆம் ஆண்டுவரை ஏ, பி என்ற இந்த இரண்டும் ஒரே நோய் என்றே கருதப்பட்டது. உங்கள் மகனுக்கு எந்த வகை, எத்தனை விழுக்காடு என்பதை ஒரு சீட்டில் எழுதி அவன் பையிலோ கழுத்துச் சங்கிலியிலோ எப்போதும் வைத்திருங்கள். நள்ளிரவில் அறிமுகமில்லாத மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் அந்தச் சீட்டுதான் பேசும்.

ஹீமோபிலியா நோயாளிகளுக்கு எச்.ஐ.வி. பரவியதற்குக் கிரையோதானே காரணம்?

பெரும்பங்கு காரணம் கிரையோ அன்று. 1960களின் இறுதியில் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவைக் கலந்து, அதிலிருந்து 8ஆம் காரணியைச் செறிவாக்கிப் பொடியாக விற்கத் தொடங்கின. சிறு குப்பியில் அடங்கும், வீட்டிலேயே கரைத்துப் போட்டுக்கொள்ளலாம், அளவு துல்லியம். நோயாளிகள் அதை வரவேற்றது இயல்பே. ஆனால் கலந்த ஆயிரம் பேரில் ஒருவருக்குத் தொற்று இருந்தாலும் முழுத் தொகுதியும் கெட்டுவிடும். 1982 ஜூலையில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், எய்ட்ஸ் நோயாளிகளிடம் காணப்படும் அரிய வகை நிமோனியா ஹீமோபிலியா உள்ள 3 பேருக்குக் கண்டதை அறிவித்தது. அதற்குள் அக்காரணிப் பொடி பல நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கடுமையான ஹீமோபிலியா உள்ள ஒரு தலைமுறையே அதில் பெருமளவு மாண்டது. வெப்பத்தால் கிருமியை அழிக்கும் முறை 1980களின் நடுவில்தான் பரவலானது.

ஒரு பைக்கு ஒரு கொடையாளர் என்பதால் கிரையோவில் ஆபத்து மிகக் குறைவாக இருந்தது. ஆயினும் இல்லாமல் போகவில்லை. இன்று நம் நாட்டில் கொடுக்கப்படும் ஒவ்வொரு அலகும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிஃபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்குச் சோதிக்கப்படுகிறது. இருப்பினும் தொற்று ஏற்பட்டுச் சில நாட்களே ஆகியிருந்தால் சோதனையில் தெரியாமல் போகலாம். இன்றைய காரணிக் குப்பியில் கிருமி நீக்கும் படிகள் உண்டு. சாதாரணக் கிரையோ பையில் இல்லை. வேளைக்கு 15 பேர் என்று ஆண்டுக்கணக்கில் கூட்டிப் பார்த்தால், வாழ்நாளில் ஒரு நோயாளி நூற்றுக்கணக்கான கொடையாளர்களின் பிளாஸ்மாவை ஏற்றிருப்பார். ஆகவே இதைச் சிறிய விஷயமாக ஒதுக்க முடியாது.

அப்படியானால் காரணி ஊசி கிடைக்கும் இந்தக் காலத்தில் கிரையோ எதற்கு?

ஹீமோபிலியா ஏ உள்ளவருக்குக் காரணிச் செறிவு கிடைக்குமானால் அதைத்தான் போட வேண்டும். உலக ஹீமோபிலியா கூட்டமைப்பின் வழிகாட்டுதலும் அதுவே. 8ஆம் காரணியின் மரபணு 1984இல் பிரித்தெடுக்கப்பட்டு, மனிதப் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கப்படாத செயற்கைக் காரணி 1992இல் ஒப்புதல் பெற்றது. 2017இல் ஒப்புதல் பெற்ற எமிசிசுமாப், தோலுக்கடியில் போடும் ஊசி. 8ஆம் காரணி செய்ய வேண்டிய இணைப்பு வேலையை அது செய்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் காரணி ஊசி இலவசமாகவே வழங்கப்படுகிறது. எனவே பழக்கத்தால் கிரையோ கேட்டு வருகிறவர்களை நான் முதலில் ஹீமோபிலியா சிகிச்சைப் பிரிவுக்கே அனுப்புவேன்.

காரணி கைக்கு எட்டாத இடமும் நேரமும் இன்னும் உலகில் இருக்கின்றன. அங்கே மூட்டுக்குள் இரத்தம் இறங்கிக்கொண்டிருக்கும் சிறுவனுக்குக் கிரையோ உயிர்காக்கும் பொருள்தான். காரணி வரட்டும் என்று காத்திருந்து மூட்டைக் கெடுத்துக்கொள்வது தவறு. லேசான ஹீமோபிலியா ஏ என்றால், உடலில் சேமித்துள்ள காரணியை வெளிக்கொணரும் டெஸ்மோபிரெசின் என்ற மருந்தே சிலருக்குப் போதுமானதாக இருக்கும்.

எங்கள் வீட்டில் யாருக்கும் ஹீமோபிலியா இல்லை. பிரசவத்தில் இருந்த என் தங்கைக்கு ஏன் 10 பை கிரையோ கேட்டார்கள்?

இன்று இரத்த வங்கியிலிருந்து வெளியே போகும் கிரையோவில் பெரும்பகுதி இப்படிப்பட்ட தேவைக்கே போகிறது. பிரசவத்துக்குப் பின் கடுமையாக இரத்தம் போகும்போது முதலில் தீர்ந்துபோகும் உறைவுப் புரதம் ஃபைப்ரினோஜன். கர்ப்பத்தின் இறுதியில் அது வழக்கத்தைவிட உயர்ந்து லிட்டருக்கு 4 முதல் 6 கிராம் வரை இருக்கும். இரத்தப்போக்கின்போது 2 கிராமுக்குக் கீழே இறங்கினால் நிலைமை மோசமாகப் போகிறது என்பதற்கு அறிகுறி. ஒரு பையில் குறைந்தது 150 மில்லிகிராம் ஃபைப்ரினோஜன் என்றால் 10 பைகளில் ஒன்றரைக் கிராம் கிடைக்கும். அதே அளவை வெறும் பிளாஸ்மாவால் கொடுக்க வேண்டுமானால் பல மடங்கு திரவம் ஏற்ற வேண்டும். பெரும் விபத்து, இதய அறுவை, கல்லீரல் நோய், உடலெங்கும் இரத்தம் உறைந்து உறைவுப் பொருட்கள் தீர்ந்துபோகும் நிலை ஆகியவற்றுக்கும் இதே காரணத்துக்காகத்தான் கேட்கிறார்கள். பூல் 8ஆம் காரணியைத் தேடிச் செய்த பை, அதனுடன் கூடவே படிந்த ஃபைப்ரினோஜனுக்காக இன்று தாய்மார்களின் உயிரைக் காக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

கிரையோ எடுத்த பிறகு மிஞ்சும் பிளாஸ்மாவைக் கொட்டிவிடுவீர்களா?

கொட்டுவதில்லை. அதில் ஆல்புமினும் 9ஆம் காரணியும் பிறவும் இருக்கின்றன. நுண் இரத்தக்குழாய்களில் தட்டணுக்கள் திரண்டு அடைக்கும் ஓர் அரிய நோயில், இந்த மீதிப் பிளாஸ்மாவில் வான் வில்லிபிராண்ட் காரணி குறைந்திருப்பதாலேயே அதைப் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சைக்குச் சிலர் பயன்படுத்துகிறார்கள். ஆனால் சாதாரண உறைந்த பிளாஸ்மா என்று நினைத்து 8ஆம் காரணிக்காக இதைக் கொடுத்துவிடக் கூடாது. சீட்டை வாசித்துப் பார்க்க வேண்டும்.

முன்பெல்லாம் கிரையோ போட்டதும் வீக்கம் வற்றும். இப்போது எத்தனை பை போட்டாலும் கேட்பதில்லை. பை சரியில்லையா?

பையைச் சந்தேகிப்பதற்கு முன் நோயாளியின் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ளவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு, வெளியிலிருந்து வரும் 8ஆம் காரணியை அந்நியப் பொருளாகக் கருதி அழிக்கும் எதிர்ப்புப் பொருள் உருவாகிறது. மருத்துவமனையில் இதை 'இன்ஹிபிட்டர்' என்பார்கள். அது உருவான பின் கிரையோவாக இருந்தாலும் விலையுயர்ந்த காரணியாக இருந்தாலும் ஏறிய வேகத்தில் பயனற்றுப் போகும். அதற்குத் தனிச் சோதனை உண்டு. 8ஆம் காரணியைத் தவிர்த்து வேறு வழியில் உறையச் செய்யும் மருந்துகளும் உண்டு. முன்பு குறிப்பிட்ட எமிசிசுமாப் இவர்களுக்கும் வேலை செய்கிறது. இப்படிக் கேட்கும் பெற்றோர் ஒருநாளும் தாமதிக்காமல் சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வேலூரில் மரபணு சிகிச்சையால் ஹீமோபிலியா குணமாகிவிட்டதாமே?

செய்தி மெய்யானது, அதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அலோக் ஸ்ரீவாஸ்தவா தலைமையிலான குழு, கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள 5 பேரின் குருத்தணுக்களை (ஸ்டெம் செல்) எடுத்து, 8ஆம் காரணியின் மரபணுவை அவற்றில் புகுத்தித் திரும்பச் செலுத்தியது. தொடர்ந்து கவனிக்கப்பட்ட காலத்தில் ஐவருக்கும் இரத்தக்கசிவு ஏற்படவில்லை. பூலின் மூடிய பை முறை வெளிவந்த அதே 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் 2024 டிசம்பரில் இந்த முடிவும் வெளியானது.

ஐவர் என்பது சிறிய எண்ணிக்கை. எலும்பு மஜ்ஜையில் இடம் உண்டாக்க முதலில் கடுமையான மருந்துகளைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகள் கழிந்த பின்னும் பலன் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். எனவே இதை நம்பி இன்றைய ஊசியை நிறுத்திவிடாதீர்கள்.

ஒருவர் கொடுத்த இரத்தத்தில் நல்ல கிரையோ கிடைக்கும், இன்னொருவரிடம் கிடைக்காது என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

ஓரளவுக்குச் சொல்லலாம். ஓ வகை இரத்தம் உள்ளவர்களுக்கு வான் வில்லிபிராண்ட் காரணி மற்ற வகையினரைவிடச் சராசரியாக நான்கில் ஒரு பங்கு குறைவு. சுமக்கும் புரதம் குறைந்தால் சுமக்கப்படும் 8ஆம் காரணியும் குறையும். ஆகவே ஏ வகைப் பையில் சற்றுக் கூடுதலாக எதிர்பார்க்கலாம். உடற்பயிற்சி, மன அழுத்தம், கர்ப்பம் ஆகியவையும் இக்காரணியை உயர்த்தும்.

ஆனால் கொடையாளரைவிட எங்கள் கை வேகமே பெரிதும் தீர்மானிக்கிறது. இரத்தம் எடுத்த 6 முதல் 8 மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்து விரைவாக உறைய வைக்காவிட்டால் 8ஆம் காரணி தேய்ந்துவிடும். தொலைவில் உள்ள ஊரில் முகாம் நடந்து மாலையில் தாமதமாக வந்து சேரும் பைகளை நாங்கள் கிரையோவுக்கு எடுப்பதில்லை. எல்லாம் சரியாகச் செய்தாலும் பிளாஸ்மாவில் இருந்த 8ஆம் காரணியில் ஏறத்தாழ பாதிதான் கிரையோவில் வந்து சேர்கிறது. எனவே ஒவ்வொரு மாதமும் செய்த பைகளில் சிலவற்றைப் பிரித்து, 8ஆம் காரணி 80 அலகைத் தொடுகிறதா, ஃபைப்ரினோஜன் 150 மில்லிகிராமைத் தொடுகிறதா என்று அளந்து பதிவேட்டில் எழுதுகிறோம். எண் குறைந்தால் உறைய வைத்த நேரம், உருக்கிய வெப்பம், சுழற்றிய வேகம் என்று ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்க்கிறோம். பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு நான் முதலில் கையில் கொடுப்பது அந்தப் பதிவேட்டைத்தான்.